ஈரலைச் சோதிக்கச் சொன்னால் பயப்படாதீர்கள்



முகாமை விட்டு வாவிக்கரைக்குத் திரும்பி, வீட்டையும் வலையையும் சரிசெய்யும் நேரத்தில் 'ஈரலில் கிருமி' என்றால் யாருக்கும் நெஞ்சு பதறும்.

ஹெப்படைடிஸ் சி குருதி வழியாகத் தொற்றுவது. பரிசோதிக்காத குருதியை ஏற்றியதால், ஒருவருக்குப் போட்ட ஊசியை மற்றவருக்கும் போட்டதால் வந்திருக்கலாம். ஒன்றாகச் சாப்பிடுவதால், பிள்ளையைத் தூக்குவதால் தொற்றாது. நோயாளியை ஒதுக்காதீர்கள். சவர அலகையும் பல்தூரிகையையும் மட்டும் பகிர வேண்டாம்.

முதற் சோதனையில் அடையாளம் தெரிந்தாலும், கிருமி இப்போதும் உண்டா என்பதை இரண்டாவது குருதிச் சோதனையே சொல்லும். ஈரலின் பழுதைப் பெரும்பாலும் குருதிச் சோதனையும் ஸ்கானும் காட்டிவிடும். சிலருக்கே ஈரலில் சிறு துணுக்கு எடுப்பார்கள். விறைப்பு ஊசி போட்டு, வலது விலாவுக்கிடையில் ஊசியைச் செலுத்திச் சில விநாடிகளில் எடுத்துவிடுவார்கள். பின்பு சில மணிநேரம் படுத்திருக்க வேண்டும். அஸ்பிரின் பாவிப்பவர்கள் முன்பே சொல்லுங்கள். படுவான்கரையார் கூட ஒருவரை அழைத்து வாருங்கள். அன்றே தனியாகப் பாதை ஏற வேண்டாம். பின்னர் கடுமையாக வயிறு வலித்தால், தலை சுற்றினால் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

முன்பு மாதக்கணக்கில் ஊசி போட்டார்கள். இன்று பெரும்பாலானோருக்கு 12 வாரம், தினமும் குளிசை. நூற்றுக்கு 95 பேரளவில் குணமாகிறார்கள். இடையில் நிறுத்தாதீர்கள். கீழ்க்காய்நெல்லி இக்கிருமியை அழிக்காது. சாராயம், கசிப்பைத் தொடவே வேண்டாம்.

முகாமில் தந்த மருத்துவத் துண்டுகளை எறியாமல் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். ஒருநாள் கூலி போனாலும் கிளினிக் நாளைத் தவறவிடாதீர்கள்.