மூச்சளவும் அட்டைக் கணிப்பானும்

நிரலைக் காந்த அட்டையில் பதிந்து வைத்துக்கொள்ளும் முதல் கையடக்கக் கணிப்பான் எச்பி-65. ஹியூலட்-பேக்கர்ட் நிறுவனம் 1974இல் அதை 795 டாலருக்கு விற்றது. நிரலின் கொள்ளளவு 100 படிகள். அட்டை விரல் நீளம்தான். ஒரு பக்கம் செருகினால் சின்ன மோட்டார் இழுத்துப் படித்து மறுபக்கம் தள்ளும். படித்த அட்டையை ஏ முதல் ஈ வரையிலான விசைகளுக்கு மேலுள்ள இடுக்கில் செருகுவார்கள். ‘உயரம்’, ‘எடை’ என்று அட்டைமேல் எழுதியதே அந்த விசைகளுக்குப் பெயராகிவிடும். அட்டையின் மூலையை வெட்டிவிட்டால் நிரல் அழியாது.

மருத்துவக் கணக்குகளுக்கென்றே ஓர் அட்டைத் தொகுப்பு வந்தது. உடற்பரப்பைக் கணிக்க டு பாய்ஸ் என்ற பெயருடைய ஆய்வாளர் இருவர் 1916இல் தந்த சூத்திரத்தில் எடைக்கு 0.425, உயரத்துக்கு 0.725 என்ற அடுக்குகள் உண்டு. 70 கிலோ எடையும் 170 சென்டிமீட்டர் உயரமும் உள்ளவருக்கு விடை 1.81 சதுர மீட்டர். கையடக்கக் கணிப்பான்கள் வரும்வரை மடக்கை அட்டவணையோ, அளவுகோலை வைத்துப் பார்க்கும் வரைபடமோதான் பெரும்பாலும் துணை.

நெய்வேலி போன்ற சுரங்க நகரத்துக்கு நெருக்கமானது நுரையீரல் கணக்கு. 1955ஆம் ஆண்டுச் சுரங்க விதிகள் தொழிலாளருக்குக் குறித்த காலத்தில் மருத்துவப் பரிசோதனையைக் கட்டாயமாக்கின. மூச்சை அளக்கும் ஸ்பைரோமீட்டருக்குள் ஊதிய காற்று அறை வெப்பத்துக்குக் குளிர்ந்து சுருங்கும். உடலுக்குள் அது எவ்வளவு இருந்தது என்று அறிய ஒரு காரணியால் பெருக்க வேண்டும். 20 பாகை செல்சியஸில் அது 1.102. நெய்வேலிக் கோடையில் 35 பாகை அறையில் 1.013தான். குளிர்நாட்டுக் காரணியை நிரலில் மாறிலியாகவே எழுதிவிட்டால், கருவி காட்டும் 3 லிட்டர் 3.04 ஆவதற்குப் பதில் 3.31 ஆகிவிடும். தளர்ந்த நுரையீரலும் தேறியதாகத் தெரியும். வெப்பநிலையைக் கேட்டு வாங்கும் நிரலே நல்ல நிரல்.

‘இயல்பு அளவு’ என்பதிலும் இதே சிக்கல்தான், ஆனால் எதிர்த்திசையில். வெள்ளையரை அளந்து வகுத்த சமன்பாடு, நலமாயிருக்கும் தமிழரையும் குறையுள்ளவராகக் காட்டும். சென்னையில் நலமான இளைஞர்களை அளந்த வி.கே. விஜயன் குழுவின் ஆய்வு 1990இல் ‘தோராக்ஸ்’ இதழில் வந்தது. மூலை வெட்டாத அட்டையில் சமன்பாட்டின் எண்களை மாற்றிப் பதிவது சில நிமிட வேலை. அச்சிட்ட வரைபடத்தில் அது நடக்காது.

1977இல் வந்த டிஐ-59 கணிப்பான், 960 படிகள் வரை தாங்கியது. 1979இல் வந்த எச்பி-41சி திரையில் எழுத்துகளைக் காட்டியது. அடுத்து எடையா, உயரமா என்று கருவியே கேட்டதால், எண்ணை இடம் மாற்றித் தட்டும் பிழை குறைந்தது. படி எண்ணிக்கையைவிட இதுவே பெரிய முன்னேற்றம்.

இன்று மிஞ்சியுள்ள எச்பி-65களில் அட்டையை இழுக்கும் ரப்பர் உருளை பெரும்பாலும் பிசினாக இளகிப்போயிருக்கும். அதைச் சுரண்டி எடுத்து, ரப்பர்க் குழாய்த் துண்டு மாட்டினால் பழைய அட்டையைத் திரும்பப் படிக்க வைக்கலாம்.