மாலைதீவின் காலையுணவு

மாலைதீவின் முதலாவது உல்லாச விடுதி 1972ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டது. இத்தகைய விடுதிகளிற் பரிமாறப்படும் அரிசியும் மாவும் இறைச்சியும் கடல் கடந்து வந்தவை. பவள மணலில் நெல் விளையுமா? அத்தீவுகளுக்கே உரியவை தென்னையும் சூரை மீனும். தூண்டிலால் ஒவ்வொன்றாகப் பிடித்த சூரையை அவித்து, புகையூட்டி, வெயிலில் உலர்த்தினால் மாசியாகும். 14ஆம் நூற்றாண்டில் அங்கு தங்கியிருந்த இபன் பதூதாவும் இதைப்பற்றி எழுதியுள்ளார். சம்பல் இடிக்கும் இலங்கை இல்லத்தரசிக்கு அதன் மணத்தை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

தீவு மக்களின் காலையுணவு மஸ்ஹுனி. பொடியாகப் பிய்த்த சூரையோடு துருவிய தேங்காய், வெங்காயம், மிளகாய், தேசிக்காய்ச்சாறு சேர்த்துக் கையாற் பிசைந்து, சூடான ரொட்டியுடன் உண்பர். அடுப்பில் வேகவேண்டியது ரொட்டி ஒன்றே! பிறநாட்டுப் பண்டங்கள் நிறைந்த மேசையில் இதனை ஏறெடுத்தும் பாராது விமானமேறும் விருந்தினர் இழப்பது சிறிதன்று.

2009ஆம் ஆண்டளவில் மக்கள் வாழும் தீவுகளிலும் விருந்தினர் இல்லங்களுக்கு அனுமதி கிடைத்தது. அங்கு தங்குபவர் அயல்வீட்டார் உண்பதையே தாமும் உண்ணலாம். மதியத்திற்கு கருதியா எனும் தெளிந்த மீன்சாறு. அதனைச் சோற்றில் ஊற்றி, தேசிக்காய் பிழிந்து, பச்சைமிளகாயைக் கடித்துக்கொண்டு உண்பதே அங்குள்ள வழக்கம்.