கடைமடையில் ஒரு பாடப்புத்தகம்



பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்துவிட்டால் நம்ம வெள்ளகோவில் பக்கம் ஒரே கேள்விதான்: "பையன் என்ன குரூப்புங்க?" பயோ-மேத்ஸ் என்றால் முகம் மலரும். காமர்ஸ் என்றாலும் பரவாயில்லை. எண்ணெய் மில்லோ தறிக்கூடமோ, கணக்குப் பார்க்க ஆள் வேண்டுமே. வரலாறு, பொருளியல், அரசியல் அறிவியல் உள்ள குரூப் என்று சொல்லிப் பாருங்கள். "ஏனுங்க, மார்க் குறைஞ்சு போச்சுங்களா?" என்று துக்கம் விசாரிப்பார்கள்.

அதே பையன் இன்ஜினியரிங் முடித்து, குரூப் 2 தேர்வுக்காகக் கோச்சிங் சென்டரில் போய் உட்காருவான். அங்கே முதலில் கையில் கொடுப்பது என்ன? இந்திய ஆட்சியியல்! பதினாறு வயதில் அரசுப் பள்ளியில் செலவில்லாமல் படித்திருக்கக்கூடிய பாடத்தை, இருபத்து மூன்று வயதில் பீஸ் கட்டிப் படிக்கிறான்.

ஆனால் வேலைக்காக அரசியல் அறிவியல் படியுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. இந்தப் பாடம் தெரியாதவருக்கு வெள்ளகோவிலே பாதிதான் புரியும் என்பது என் கட்சி.

நம் ஊரில் எழுபது வயதுப் பெரியவர் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். பிறந்த வீட்டை விட்டு அவர் நகர்ந்ததே இல்லை. ஆனால் பிறந்தது கோயம்புத்தூர் மாவட்டம். 1979ல் பெரியார் மாவட்டத்துக்காரர் ஆனார். அது பிறகு ஈரோடு மாவட்டம் என்று பெயர் மாறியது. 2009ல் திருப்பூர் மாவட்டத்துக்காரர். சட்டமன்றத்துக்கு வெள்ளகோவில் என்றே ஒரு தொகுதி இருந்தது. 2006 தேர்தலோடு அதற்கு முடிவு. 2008ல் தொகுதி மறுவரையறை வந்தது, இப்போது நாம் காங்கேயம் தொகுதி. கலெக்டரைப் பார்க்கத் திருப்பூர் போகிறோம், எம்.பி.யையோ ஈரோடு தொகுதியில் தேர்ந்தெடுக்கிறோம். தமிழ்நாட்டின் 234 சட்டமன்ற இடமும் 39 மக்களவை இடமும் அப்படியே இருக்க, 2001 மக்கள்தொகையை வைத்துக் கோடுகளை மட்டும் மாற்றிப் போட்டார்கள். அந்த எண்ணிக்கையே மாறுமா என்பதுதான் இன்றைக்கு நாடு முழுக்க நடக்கும் சண்டை. ஊர்ப் பெயரில் இருந்த தொகுதியை இழந்த நமக்கு அந்தச் சண்டை அந்நியமா, சொல்லுங்கள்?

அடுத்தது பி.ஏ.பி. எனும் பரம்பிக்குளம்-ஆழியாறு திட்ட வாய்க்கால். இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் கூட்டாட்சி என்று ஒரு பாடம் இருக்கிறது. பிள்ளைகள் அதை ஐந்து மதிப்பெண் கேள்விக்காக உருப்போடுகிறார்கள். அந்தப் பாடம்தான் நம் வெள்ளகோவில் கிளை வாய்க்காலில் தண்ணீராக ஓடுகிறது, சில சமயம் ஓடாமலும் இருக்கிறது. பரம்பிக்குளம் அணை இருப்பது கேரள மண்ணில், அதை இயக்குவது தமிழ்நாடு. இரண்டு மாநிலமும் 1970 மே 29ல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன; அது 1958 நவம்பரிலிருந்தே செல்லும் என்றும் எழுதிக்கொண்டன. தண்ணீரும் பாசனமும் அரசமைப்பின் மாநிலப் பட்டியலில் 17வது இனம். மாநிலங்களுக்கு இடையே ஓடும் ஆறுகளை ஒழுங்குபடுத்துவது மத்தியப் பட்டியலில் 56வது இனம். இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் நம் தென்னையும் சோளமும் நிற்கின்றன.

அந்தத் தண்ணீர் மலையைக் குடைந்து திருமூர்த்தி அணைக்கு வந்து, அங்கிருந்து பிரிந்து நம்மிடம் வருகிறது. பாசனப் பரப்போ சுமார் 3.77 லட்சம் ஏக்கராக வளர்ந்துவிட்டது. நான்கு மண்டலமாகப் பிரித்து முறை வைத்து விடுகிறார்கள். நாம் கடைமடை. மேலே மடைக்கு மடை திருடிக்கொண்டால் கீழே வாய்க்கால் காய்கிறது. உடனே மறியல், உண்ணாவிரதம். யாரிடம் முறையிடுவது? கேரளாவிடமா, நீர்வளத் துறையிடமா, பாசன சபையிடமா, கோர்ட்டிலா? இந்தக் கேள்விக்குப் பதில் எழுதத் தெரிந்த மாணவனுக்கு நான் நூற்றுக்கு நூறு போடுவேன்.

வடக்கே மொடக்குறிச்சிக்குப் போவோம். 1996 சட்டமன்றத் தேர்தலில் அந்த ஒரு தொகுதியில் 1033 வேட்பாளர்கள். எங்கள் குறையை யாரும் கேட்கவில்லை என்று விவசாயிகள் திரண்டுபோய் மனு போட்டார்கள். ஓட்டுச்சீட்டை ஒரு தாளில் அச்சடிக்க முடியாமல் புத்தகமாகவே அச்சடிக்க நேர்ந்தது. அப்போது சட்டமன்றத்துக்கு டெபாசிட் வெறும் 250 ரூபாய். அதே ஆண்டு அதை 5000 ஆக்கிவிட்டார்கள், இன்றைக்கு 10,000. எதிர்ப்புத் தெரிவிக்க மனு போடுவது உரிமையா, தேர்தலைக் கேலிக்கூத்தாக்குவதா? டெபாசிட்டை ஏற்றியது சரியா, ஏழையின் வாசலை அடைத்ததா? எனக்கு இரண்டு பக்கமும் நியாயம் தெரிகிறது. வகுப்பில் இதை விவாதிக்க விட்டால் ஒரு பீரியட் போதாது.

புத்தகத்தின் மேல் எனக்கு ஒரு குறை உண்டு. 2018, 2019ல் வந்த புதிய பாடநூல்கள் பழையதைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் பிளேட்டோவிலிருந்து மார்க்ஸ் வரை ஒரே மூச்சில் ஓட, பிள்ளைகள் வரையறைகளை மனப்பாடம் செய்து கொட்டிவிட்டு எழுந்துபோகிறார்கள். நகராட்சித் தலைவரை 2011ல் நாம் நேரடியாகத் தேர்ந்தெடுத்தோம், 2022ல் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள், ஏன் என்று எந்தப் பிள்ளையையாவது கேட்டுப் பாருங்கள், விழிக்கும். வீட்டில் அப்பாவைக் கேட்டாலும் அதே கதைதான்.

இலங்கையில் நம் தமிழ்ப் பிள்ளைகள் உயர்தர வகுப்பில் இதே பாடத்தைக் கலைப்பிரிவுப் பாடங்களில் ஒன்றாக விரும்பி எடுக்கிறார்கள். இங்கே பல மேல்நிலைப் பள்ளிகளில் அந்தக் குரூப்பே இல்லை. சேர ஆள் இல்லை என்று பள்ளி சொல்கிறது, பள்ளியில் இல்லை என்று பெற்றோர் சொல்கிறார்கள். இந்த வருடம் பத்துப் பெற்றோர் சேர்ந்து தலைமை ஆசிரியரிடம் போய்க் கேட்கலாம். கேட்பதற்குக் காசில்லை.

இன்னொன்று. ஓட்டுரிமை வயது 21லிருந்து 18 ஆனது 1989ல். 2022லிருந்து பதினேழு முடிந்தவர்களே வாக்காளர் பட்டியலுக்கு முன்கூட்டி விண்ணப்பிக்கலாம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதி என்று ஆண்டுக்கு நான்கு தகுதி நாட்கள் உண்டு. பிளஸ் டூ படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் படிவம் 6ஐ இப்போதே வாங்கி நிரப்பச் சொல்லுங்கள். தொகுதி என்று கேட்கும் இடத்தில் காங்கேயம் என்று எழுத வேண்டும். மாவட்டம், திருப்பூர்.