தோற்ற பிறகு வரும் முதல் கேள்வி



2025 அக்டோபரில் பக்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டி நடந்தது. கபடியில் நம் பையன்களும் தங்கம் வாங்கினார்கள், பெண்களும் வாங்கினார்கள். பையன்கள் அணியில் ஒருவர் நம் திருவாரூர் மாவட்டத்து வடுவூர்க்காரர், அபினேஷ் மோகன்தாஸ். பெண்கள் அணியில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா. இருவருக்கும் தமிழக அரசு தலா 25 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை கொடுத்தது. மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூர் பஸ் ஏறியவர்களுக்கு வடுவூர் தெரிந்திருக்கும். ஏரிக்கும் கோதண்டராமர் கோயிலுக்கும் பேர்போன ஊர். கபடிக்கும்தான்.

பக்ரைன் என்றதும் நம் முத்துப்பேட்டைக்காரர்களுக்கு வேறொன்றும் ஞாபகம் வரும். இங்கே எத்தனையோ வீடுகளில் அப்பாவோ வாப்பாவோ அத்தாவோ அங்கேதான் இருக்கிறார்கள். இல்லாவிட்டால் துபாய், சவுதி, கத்தார். பிள்ளை இங்கே விளையாடுகிறான், அப்பா அங்கிருந்து வீடியோ காலில் வருகிறார். வந்ததும் முதல் கேள்வி: “என்னப்பா, ஜெயிச்சியா?”

இன்றைய பேச்சு இந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான்.

கேட்கிறவருக்கு அது பாசம். காலிறுதியில் தோற்று, முட்டியில் சிராய்ப்போடு வந்து உட்கார்ந்திருக்கிற பதினாலு வயசுப் பையனுக்கோ அது பரீட்சை ரிசல்ட். இரண்டு மூன்று தடவை இப்படி ஆனால், நாலாவது தடவை அவன் “மேட்சு தள்ளிப்போச்சுப்பா” என்பான். பொய் சொல்கிற பிள்ளை இல்லை அவன். அந்தக் கேள்விக்கு அவனிடம் வேறு பதில் இல்லை, அவ்வளவுதான்.

இதை ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள். 1998-ல் கிளாடியா முல்லர், கரோல் ட்வெக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு அது. பிள்ளைகளுக்குப் புதிர்கள் கொடுத்தார்கள். முடித்ததும் சிலரிடம் “நீ கெட்டிக்காரன்” என்றார்கள், சிலரிடம் “நல்லா முயற்சி பண்ணியிருக்கே” என்றார்கள். அடுத்து வேண்டுமென்றே கடினமான புதிர்கள், எல்லோரும் தடுமாறினார்கள். அதன்பின் மறுபடி லேசான புதிர்கள் கொடுத்தபோது, கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கியவர்கள் முன்பு செய்ததைவிட மோசமாகச் செய்தார்கள். முயற்சிக்குப் பாராட்டு வாங்கியவர்கள் முன்னைவிட நன்றாகச் செய்தார்கள். எத்தனை மதிப்பெண் என்று எழுதச் சொன்னபோது, கூட்டி எழுதியவர்கள் அதிகம் இருந்தது கெட்டிக்காரர்கள் பக்கத்தில்தான்! ஆக, “எம்புள்ளை புலி” என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைக்கிற அப்பாக்கள் கொஞ்சம் யோசிக்கலாம். அடுத்த வாரம் புலி தோற்றால் அது எங்கே போய் நிற்கும்?

மேட்ச் முடிந்த பிறகு மட்டுமில்லை, நடக்கும்போதும் நம் பேச்சு பிள்ளையைத் தடுமாற வைக்கும். கபடியையே எடுத்துக்கொள்ளுங்கள். பாடிப் போகிறவனுக்கு 30 விநாடி. எதிரே ஏழு பேர் வரைக்கும் நிற்பார்கள். அணி தொடர்ந்து இரண்டு ரெய்டு புள்ளியில்லாமல் திரும்பினால், மூன்றாவதில் புள்ளி எடுத்தே ஆக வேண்டும். எடுக்காவிட்டால் போனவன் அவுட். அந்த 30 விநாடியில் அவன் பார்க்க வேண்டியது எதிராளியின் கால்களை. அப்பா முகம் எப்படி இருக்கிறது என்று ஒரு கண் கோட்டுக்கு வெளியே போனால் முடிந்தது கதை. நம் ஊர் மேட்சுகளில் பாருங்கள், கோச் ஒரு பக்கம் “போனஸ் மட்டும் எடுத்துட்டு வா” என்பார், அப்பா இன்னொரு பக்கம் “ஏறுடா, உள்ள ஏறுடா” என்று தொண்டை கிழியக் கத்துவார். பையன் யார் பேச்சைக் கேட்பான்? இரண்டையும் கேட்டுப் பாதியில் நின்று பிடிபடுவான்.

பிடிபட்டவன் வெளியே போய் உட்கார வேண்டும். எதிரணியில் ஒருவர் அவுட்டானால் திரும்ப உள்ளே வரலாம். கபடியின் அழகே இதுதான் என்பேன். தப்பு நடக்கும், திரும்பி வரவும் வழி உண்டு என்று விதியிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். வெளியே உட்கார்ந்திருக்கிற அந்த ஒன்றிரண்டு நிமிடத்தில் மூச்சை நிதானமாக இழுத்து விடுவது, போனதை விட்டுவிட்டு அடுத்து உள்ளே போனதும் செய்ய வேண்டிய ஒரே ஒரு காரியத்தை மனசில் வைப்பது, இதையெல்லாம் பழக்கலாம். பழக்குவது கோச்சின் வேலை. பெற்றவர்கள் அந்த நேரத்தில் கையைக் காலை ஆட்டாமல் இருந்தால் அதுவே பெரிய உதவி.

சதுரங்கத்தில் குகேஷ் கதை இங்கே பொருந்தும். 2024 ஏப்ரலில் டொரொண்டோவில் கேண்டிடேட்ஸ், அதாவது உலக சாம்பியனோடு மோதப்போகிறவரைத் தேர்ந்தெடுக்கும் போட்டி. ஏழாவது சுற்றில் அலிரேசா ஃபிரூஜாவிடம் தோற்றார். வயது பதினேழு. மறுநாள் ஓய்வு நாள். அந்தத் தோல்விக்குப் பிறகுதான் தனக்குப் புது உற்சாகம் வந்தது என்று அவரே பின்னால் சொன்னார். பதின்மூன்றாவது சுற்றில் அதே ஃபிரூஜாவை வென்று, போட்டியையும் வென்றார். டிசம்பரில் சிங்கப்பூரில் உலக சாம்பியன். அங்கேயும் முதல் ஆட்டத்தில் தோல்விதான்! மனப்பயிற்சிக்கு பேடி அப்டன் என்ற நிபுணர் இருந்தார். 2011-ல் கிரிக்கெட் உலகக் கோப்பை வென்ற நம் அணியோடு இருந்தவர் அவர். ஆனால் அப்டன் வந்து சேர்ந்தது கேண்டிடேட்ஸ் முடிந்த பிறகு. அதுவரை பல வருஷம் கூடவே அலைந்தவர், தன் டாக்டர் தொழிலை நிறுத்தி வைத்த அப்பா ரஜினிகாந்த். வீட்டைச் சம்பாத்தியத்தால் தாங்கியவர் அம்மா பத்மகுமாரி. இன்னொரு சதுரங்க வீரர் பிரக்ஞானந்தாவின் அம்மா நாகலட்சுமி வெளிநாட்டுப் போட்டிக்குப் போனாலும் அடுப்பும் பாத்திரமும் எடுத்துப்போய் ரசமும் சாதமும் ஆக்கிப் போடுகிறார். எந்தக் காயை எங்கே நகர்த்தணும் என்று சொல்வது அவர் வேலையில்லை.

நம்மால் தொழிலை விட்டுவிட்டு ஊர் ஊராகப் போக முடியாது, சரிதான். சோறும் நிதானமும் கொடுக்க முடியும் இல்லையா? தோற்று வருகிறவனிடம் முதலில் “சாப்பிட்டியா?” போதும். மேட்சைப் பற்றி அவன் வாயைத் திறக்கிறவரை காத்திருங்கள். சில பிள்ளைகள் மறுநாள் காலையில்தான் பேசும். பேச ஆரம்பித்தால், “இன்னிக்கு உனக்கு எது நல்லா வந்துச்சு? அடுத்து எதைப் பழகப்போறே?” என்று கேட்கலாம். ஒன்று மட்டும் செய்யாதீர்கள். மோசமாக ஆடியவனிடம் “நீ சூப்பரா ஆடினே, நடுவர்தான் ஏமாத்திட்டார்” என்று ஆறுதல் சொல்லாதீர்கள். எப்படி ஆடினோம் என்று அவனுக்குத் தெரியும். அப்புறம் நீங்கள் உண்மையாகப் பாராட்டும்போதும் நம்பமாட்டான்.

செலக்‌ஷனில் பெயர் வரவில்லை என்றால் வீடே இழவு வீடாகிவிடுகிறது. தஞ்சாவூர் மாவட்டம் திருச்சனம்பூண்டியின் தர்மராஜ் சேரலாதன் 2016-ல் பாட்னா பைரட்ஸ் கேப்டனாக புரோ கபடி கோப்பையைத் தூக்கியபோது நாற்பதைக் கடந்திருந்தார். பதினாலு வயசில் என்ன அவசரம்?

பெண் பிள்ளைகள் விஷயம் இன்னும் சிக்கல். வயசுக்கு வந்ததும் “போதும், நிறுத்து” என்று முதலில் சொல்வது பல வீடுகளில் அப்பா அம்மா இல்லை. கல்யாண வீட்டில் பார்க்கிற அத்தையோ மாமாவோதான். “ட்ரவுசர் போட்டுக்கிட்டு ஓடுதே” என்பார்கள். அப்போது பெற்றவர்கள் தலையைக் குனிந்து சிரித்து மழுப்பினால், பக்கத்தில் நிற்கிற மகள் அதைப் பார்த்துவிடுகிறாள். “அவ விளையாடட்டும், நாங்கதான் அனுப்புறோம்” என்று அவள் காதுபடச் சொல்லிவிடுங்கள். எந்த மனப்பயிற்சி வகுப்பும் தராத தைரியம் அது.

கடைசியாக, வளைகுடாவில் இருக்கிற அப்பாக்களுக்கு ஒரு நடைமுறை விஷயம். பக்ரைன், சவுதி, கத்தார், குவைத்துக்கும் நமக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். நீங்கள் வேலை முடித்து, குளித்து, எட்டு மணிக்கு போனைக் கையில் எடுத்தால் இங்கே இரவு பத்தரை. மறுநாள் காலை மேட்ச் உள்ள பிள்ளை உங்கள் அழைப்புக்காக விழித்துக் காத்திருக்கும். பேசிய பிறகும் உடனே தூக்கம் வராது. போட்டிக்கு முந்தின நாள் மட்டும், மதியச் சாப்பாட்டு இடைவேளையில் கூப்பிட்டுப் பேசிவிடுங்கள். இங்கே அப்போது பள்ளிக்கூடம் விடுகிற நேரமாக இருக்கும்.