புயலுக்குப் பின் வரும் ஆண்டுகள்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

புயல் நிவாரண நிதி என்ற தனிக் கணக்கை முடித்து, மீதமுள்ள தொகையைப் பொதுக் கணக்கில் சேர்க்கலாமா என்பது இன்றைய பொருள்களில் ஒன்று. கூடாது என்பது என் கருத்து. அதற்கான காரணத்தைக் கூறச் சிறிது நேரம் கேட்கிறேன்.

2018 நவம்பர் 16, வெள்ளிக்கிழமை அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. அன்று ஃபஜ்ருக்கு ஒலிபெருக்கியில் பாங்கு ஒலிக்கவில்லை. ஜும்ஆவுக்கு வந்தவர்கள் தெருவில் சாய்ந்து கிடந்த மரங்களைத் தாண்டித்தான் வந்தார்கள். டெல்டாவிலும் புதுக்கோட்டையிலும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. அந்த முதல் மாதத்தில் நம் இளைஞர்கள் ஆற்றிய பணியை யாரும் குறை கூற இயலாது. அரிசி, பாய், தார்ப்பாய் அனைத்தும் வீடு தேடிச் சென்றன. ஜெனரேட்டர் வைத்துத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றினோம். வந்து குவிந்த பழைய துணிகள் மதரஸாவின் ஓர் அறையையே அடைத்துவிட்டன. அவற்றை அப்புறப்படுத்தத் தனியாகக் கூலி கொடுத்தோம் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

2019 மே மாதத்தில் ரமலான் வந்தபோது நிவாரணக் கணக்கில் பணம் இல்லை. உண்மையான தேவையோடு மக்கள் வரத் தொடங்கியது அப்போதுதான்.

அவர்கள் யார்? விழுந்த தென்னை ஒன்றுக்கு 600 ரூபாயும், அதை வெட்டி அகற்ற 500 ரூபாயும் அரசு அறிவித்தது. அது மரத்துக்கு உரியவருக்கான தொகை. மரம் ஏறியவர், மட்டை உரித்தவர், கொப்பரைக் களத்தில் கூலிக்கு நின்றவர், வீட்டு வாசலில் கீற்று முடைந்த பெண்கள் ஆகிய இவர்கள் பெயரில் ஒரு மரமும் இல்லை. ஆயினும் அவர்களுடைய அடுப்பு அந்தத் தோப்பை நம்பியே எரிந்தது. தோப்பு உடையவருக்கும் நிம்மதி இல்லை. நாட்டு நெட்டைத் தென்னை காய்க்க ஆறு ஏழு ஆண்டுகள் ஆகும். குட்டை, ஒட்டு ரகங்களுக்கும் மூன்று நான்கு ஆண்டுகள் வேண்டும். அதுவரை மகளின் திருமணம் காத்திருக்குமா? கல்லூரிக் கட்டணம் காத்திருக்குமா? நகை அடகுக்குப் போயிற்று. பிறகு வட்டிக் கடன் வந்தது. எந்த வட்டியைத் தவிர்க்க வேண்டும் என்று மிம்பரில் கூறுகிறோமோ, அதே வட்டியில் நம் மஹல்லாவினர் விழுந்தபோது கொடுக்க நம்மிடம் எதுவும் இருக்கவில்லை.

நாம் செய்த தவறு ஒன்றையும் கூறிவிடுகிறேன். அவசரமாகத் தென்னங்கன்றுகளை வாங்கி விநியோகித்தோம். விழுந்த மரங்களை அகற்றுவதற்கு உதவவில்லை. மக்கும் தென்னந்தண்டு காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகும் இடம். அந்த வண்டு பக்கத்தில் நிற்கும் இளங்கன்றின் குருத்தைத் துளைத்து உண்ணும். மின் இணைப்பு திரும்பாத தோப்புகளில் மோட்டாரும் ஓடவில்லை. வண்டு தின்றவை போக, மீதியில் பல வாடின. கன்று வாங்கிய பணத்தில் மரம் அறுக்கும் இயந்திரங்கள் இரண்டு வாங்கி ஊருக்குப் பொதுவாக வைத்திருக்கலாம். அன்று அதைச் சொன்ன பெரியவர் ஒருவரை நாம் கேட்கவில்லை. அந்தக் குழுவில் நானும் ஒருவன்.

ஸகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினரில் கடன்பட்டோரும் உள்ளனர் என்பது நாம் அனைவரும் அறிந்ததே. ஆனால் நம் பைத்துல்மால் ஏடுகளில் அந்த வகைக்கான பக்கம் பெரும்பாலும் வெறுமையாகவே உள்ளது. புயலில் வாழ்வாதாரம் இழந்து கடனில் மூழ்கியவரை அதில் சேர்ப்பது குறித்து உலமாக்கள் வழிகாட்ட வேண்டுகிறேன். பிற சமயச் சகோதரர்களுக்கு நிவாரண நிதியிலிருந்து தடையின்றி உதவலாம்; நம் தோப்புகளில் மரம் ஏறியவர்கள் பெரும்பாலும் அவர்களே. யூசுஃப் நபி (அலை) அவர்கள் விளைச்சல் மிகுந்த ஏழாண்டுகளின் தானியத்தைப் பஞ்சம் நிறைந்த ஏழாண்டுகளுக்கெனச் சேமிக்கச் செய்த வரலாற்றை ஆண்டுதோறும் கேட்கிறோம். நாமோ வந்ததை ஒரே மாதத்தில் செலவழித்தோம்.

ஆகவே நான் முன்மொழிவது இது. வெளிநாடு வாழ் சகோதரர்கள் பின்னர் அனுப்பிய தொகை இக்கணக்கில் இருக்கிறது. அது தனியாகவே இருக்கட்டும். இனி எந்தப் பேரிடருக்காக வசூல் செய்தாலும் பாதியை முதல் ஆறு மாதங்களுக்குத் தொடக்கூடாது. அந்தப் பாதி, வட்டியில்லா அழகிய கடனாகவும், தோப்பைச் சீர்செய்யும் கூலியாகவும், மரம் காய்க்கும் வரை இடையில் உளுந்து, கடலை, வாழை போடுவதற்கான முதலாகவும் செல்ல வேண்டும். உதவி பெறும் குடும்பத்தை ஆண்டுக்கு ஒருமுறையேனும் இருவர் நேரில் சென்று பார்த்து எழுத வேண்டும். முதல் மாதத்தில் அரிசி குறையுமே என்று கேட்கலாம். குறையும்தான். முதல் மாதத்தில் அரிசி கொண்டுவரப் பல ஊர்களின் லாரிகள் வருகின்றன; மூன்றாம் ஆண்டில் எந்த லாரியும் வருவதில்லை.

2018இல் வீடு வீடாகச் சென்று கணக்கெடுத்த குறிப்பேடு அலுவலக அலமாரியில் இருக்கிறது. அதில் கடைசியாக எழுதப்பட்ட தேதி 2019 பிப்ரவரி. வாக்கெடுப்புக்கு முன் உறுப்பினர்கள் அதை ஒருமுறை புரட்டிப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

வஸ்ஸலாம்.