பெயரை மறைத்து விற்கும் வாணிகம்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



நம்மவர் இருவர் ஒழுங்கையிலே சந்தித்தால் முதற்கேள்வி, "என்ன புதினம்?" என்பதேயாம். பிலிப்பைன்ஸ் நாட்டிலும் இக்கேள்வி உண்டு. வம்பு பேசித் திரிபவரை அங்கே "மாரிட்டெஸ்" என்று கேலி செய்வர். "மாரே, புதினம் என்ன?" என்னும் பொருள்படும் அவர்கள் பேச்சின் சுருக்கமே அப்பெயர் என வேடிக்கையாக விளக்கமும் கூறுவர். பிள்ளையின் தாயும் ஞானத்தாயும் ஒருவரையொருவர் அழைக்கும் முறைச்சொல் "மாரே". வம்புக்கு அவர்கள் வழங்கும் "சிஸ்மிஸ்" என்ற சொல்லோ, முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆண்ட ஸ்பானியர் விட்டுச் சென்றது.

புதினம் கேட்பது மனித இயல்பு. அதனை நாம் குறை கூற வரவில்லை. அந்த இயல்பை முதலாக வைத்து ஒரு வாணிகம் நடைபெறுகிறதே, அதைப் பற்றியே இங்கு பேச விரும்புகிறோம்.

அந்நாட்டுச் சினிமாப் பத்தி எழுத்தாளரிடம் ஒரு பழைய வழக்கம் உண்டு. பெயரைக் கூறாது, "இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான ஒரு நடிகை" என்பதுபோல அடையாளங்களை மட்டும் தந்து, யாரென்று வாசகரே ஊகிக்குமாறு எழுதுவர். பின்னர் தொலைக்காட்சி இத்தொழிலை ஏற்றது. "ஸ்டார்டோக்" 1995 இலும், "த பஸ்" 1999 இலும் தொடங்கிப் பல்லாண்டு நடந்தன. இரண்டும் 2015 இல் நின்றன. வம்பு நின்றதா? இல்லை. அது ஒவ்வொருவர் கைத்தொலைபேசிக்குள்ளும் குடிபுகுந்தது.

அங்கே அது எவ்வாறு விலையாகிறது? "பிரபல நடிகை! வீட்டார் கண்ணீர்! நடந்தது என்ன?" என்ற தலைப்பொன்று தோன்றும். பெயர் இராது. பெயரை அறியத் தலைப்பைத் தொட்டால் விளம்பரங்கள் விரியும். எத்தனை பேர் பார்த்தனர் என்பதைப் பொறுத்து, எழுதியவனுக்குக் காசு சேரும். உள்ளே செய்தி இருந்தாலென்ன, இல்லாதிருந்தாலென்ன? தூண்டிலிற் புழு இருந்தாற் போதும். மீனுக்கு உணவளிப்பது தூண்டிற்காரன் நோக்கமன்று.

இன்னுமொன்று கவனிக்கத்தக்கது. 2013 முதலாக அந்நாட்டுத் தொலைபேசிக் கம்பனிகள் பேஸ்புக்கைக் கட்டணமின்றிப் பார்க்க வழிசெய்தன. ஆனால் அதிலிருந்து வெளியே சென்று செய்தி முழுவதையும் படிப்பதற்குக் காசு வேண்டியிருந்தது. ஆகவே ஏழை வாசகனுக்குத் தலைப்பு இலவசம், உண்மைக்கோ விலை! தலைப்பை மட்டும் கண்டு நம்பியவனை நாம் எவ்வாறு நோவது?

இதனால் வருந்துவோர் யார்? கிரிஸ் அக்கினோ என்பவர் புகழ்பெற்ற நடிகை. முன்னாள் ஜனாதிபதி கொரசோன் அக்கினோவின் மகள். கடும் நோயுற்று 2022 இல் சிகிச்சைக்காக அமெரிக்கா சென்றார். 2024 இலேயே தாய்நாடு திரும்பினார். அவர் இறந்துவிட்டார் என்னும் பொய் ஒருமுறையன்று, பலமுறை பரவியது. நோய்ப்படுக்கையிற் கிடப்பவர், தாம் உயிரோடிருப்பதைத் தாமே உலகுக்கு அறிவிக்க நேர்ந்தது. அவருக்கு இரண்டு புதல்வர்கள். தாயின் மரணச் செய்தியைப் பொய்யாகக் காணும் பிள்ளையின் நெஞ்சு என்ன பாடுபடும்! "புகழை விரும்பியவர் இதனையும் பொறுக்கட்டுமே" என்பார் சிலர். நடிப்பைப் பார்க்கக் காசு கொடுத்தோம் என்பதனால் நடிகரின் நோயும் துயரமும் நமக்குச் சொந்தமாகிவிடுமா?

சட்டம் இதனைத் தடுக்காதா எனக் கேட்கலாம். 2012 இல் அந்நாடு இணையக் குற்றத் தடைச் சட்டத்தை இயற்றியது. இணையத்தில் அவதூறு எழுதினால் பத்திரிகையில் எழுதியதிலும் கடுமையான தண்டனை. அச்சட்டத்தின்கீழ், தொழிலதிபர் ஒருவரைப் பற்றிய கட்டுரை தொடர்பாக 2020 யூனில் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டவர் யார் தெரியுமா? "ராப்ளர்" செய்தித் தளத்தின் தலைவி மரியா ரெஸ்ஸா. அடுத்த ஆண்டே சமாதானத்துக்கான நோபல் பரிசு பெற்றவர் அவர்! வம்பனுக்கென வடித்த வாள், பொறுப்புள்ள பத்திரிகையாளர்மீதும் பாய்ந்தது. சட்டத்தை இன்னும் கூர்மையாக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாம் எண்ணுவதற்கில்லை.

அதே சட்டத்தைப் பற்றி 2014 இல் தீர்ப்பளித்த அந்நாட்டு உயர் நீதிமன்றம், அவதூற்றை முதலில் எழுதியவனே குற்றவாளி, அதனைக் கண்டு விருப்பம் தெரிவித்தவரும் பகிர்ந்தவரும் குற்றவாளிகளல்லர் என்றது. சட்ட நோக்கில் அது நியாயமே; இன்றேல் நாட்டிற் பாதிப்பேர் மறியலில் இருக்க நேரும். ஆனால், தோழர்களே, நீதிமன்றம் நம்மை விட்டுவிட்ட இடத்திலேதான் மனச்சாட்சி நம்மைப் பிடிக்கின்றது. எழுதுபவன் ஒருவன், அவனுக்குக் கூலி கொடுப்போரோ இலட்சக்கணக்கானோர். அக்கூலி நம் விரல் நுனியிலிருந்தே செல்கிறது.

பிலிப்பைன்ஸ் மக்களை இகழ்வதற்காக இதனைக் கூறவில்லை. தம்மைத் தாமே "மாரிட்டெஸ்" என்று நகைத்துக்கொள்ளும் அவர்கள், தம் குறையை அறிந்தவர்கள். நமக்கும் கைத்தொலைபேசி உண்டு. நமக்கும் விரல் உண்டு. ஆகவே இனியும், "என்ன புதினம்?" என்று தாராளமாகக் கேட்போம். அக்கணமே, "யார் சொன்னது?" என்றும் கேட்போம். இரண்டாவது கேள்விக்கு விடை வராத இடத்தில் விரலை மடக்கிக்கொள்வோம்.