ஊர் மேடையில் இரண்டு சபாபதிகள்

 

மெய்ப்பாடுகள் எட்டினை எண்ணத் தொடங்கிய தொல்காப்பியர் நகையையே முதலில் வைத்தார். அழுகையும் பெருமிதமும் அதன் பின்னரே வருகின்றன. ஆயினும் நாடகம் பற்றிப் பேசும் அவைகளில் நகைச்சுவைக்குக் கிடைப்பது பெரும்பாலும் கடைசி வரிசைதான். அதிலும், ஊரார் சிலர் கூடி, ஊதியம் கருதாது, தம் ஊராருக்காகவே நடித்துக் காட்டும் நகைநாடகம் அவ்வரிசைக்கும் பின்னே நிற்கிறது. அந்த எளிய நாடகம் ஓர் ஊருக்குச் செய்யும் நன்மை யாது, அந்நன்மை யாரைத் தொடாமல் நின்றுவிட்டது என்பனவே இவ்வுரையின் பொருள்.

சிற்றூர் மன்றம் ஒன்றை மனக்கண்முன் நிறுத்திப் பார்க்கலாம். பகலெல்லாம் அஞ்சலகத்தில் முத்திரை குத்தியவர் மாலையில் வசனம் மனப்பாடம் செய்கிறார். பள்ளி ஆசிரியர் திரைக்குப் பின்னிருந்து வசனம் எடுத்துக் கொடுக்கிறார். மளிகைக் கடைக்காரர் வேலைக்காரன் வேடம் பூணுகிறார். பள்ளிக்கூடத்து வாங்குகளே முன்வரிசை இருக்கைகள். ஒப்பனை எத்துணைச் சிறப்பாக அமைந்தாலும் திரை விலகிய மறுகணமே, ‘அவர் நம் கடைக்காரர் அல்லவா!’ என்று ஒரு சிறுவன் கூவிவிடுவான். துன்பியல் நாடகமாயின் அக்கூவல் நாடகத்தையே கெடுத்துவிடும். நகைநாடகத்திலோ அதுதான் முதற்சிரிப்பு. நேற்று வரை நிறுத்துக் கொடுத்த கை இன்று எதையும் தலைகீழாகச் செய்கிறது என்பதை ஊர் காண்கிறது. மாந்தரையும் நடிகரையும் ஒரே நேரத்தில் கண்டு மகிழும் இவ்விரட்டைப் பார்வை ஊர் மேடைக்கே உரியது. பெருநகரத்துத் தேர்ந்த நடிகருக்கு இது எளிதில் வாய்ப்பதில்லை. ஏனெனில், அவரைப் பார்ப்போர் அவரிடம் உப்பும் புளியும் வாங்கியவர் அல்லர்.

இவ்வுண்மையை ஷேக்ஸ்பியர் நன்கு அறிந்திருந்தார். அவருடைய ‘நடுவேனில் இரவுக் கனவு’ நாடகத்தில் நெசவாளர், தச்சர், தையற்காரர் முதலிய கைவினைஞர் சிலர் அரசரின் திருமணத்திற்காக ஒரு சோகக் காதற்கதையை நடிக்க முனைகின்றனர். சிங்கத்தைக் கண்டு அவையிலுள்ள மகளிர் அஞ்சிவிடுவரோ என்ற கவலை அவர்களுக்கு. எனவே சிங்க வேடம் தரித்தவரே, தாம் சிங்கம் அன்று, மரவேலை செய்பவர்தாம் என்று அவைக்கு எடுத்துரைக்கிறார். அவையோர் சிரிக்கின்றனர். சோகக்கதை நகைநாடகம் ஆகிவிடுகிறது. ஆனால் ஒரு வேறுபாடு கருதத்தக்கது. அக்கைவினைஞர் தம்மை அறியாமலே சிரிப்புக்கு ஆளாயினர். ஊர் மன்றத்து நகைநாடக நடிகரோ, தம்மைப் பார்த்து ஊர் சிரிக்கட்டும் என்று தாமே முன்வருகிறார். சிரிப்புக்கு ஆளாவது வேறு. சிரிப்பை ஈவது வேறு. பின்னதற்குத் துணிவு வேண்டும். தம் மதிப்பைச் சில நாழிகை கழற்றி வைக்கும் மனம் வேண்டும்.

தமிழ் மண்ணில் இத்துணிவு ஒரு காலத்தில் மிக அரிதாயிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், மேடை ஏறியவரைக் ‘கூத்தாடி’ என்னும் ஒரு சொல்லால் தள்ளி வைத்தனர். படித்த குடும்பத்து இளைஞர் நாடகம் பார்ப்பதே இழுக்கெனக் கருதப்பட்டது. அந்நிலையில் ஒரு தூண்டுதல் சென்னையிலிருந்து அன்று, அன்றைய சென்னை மாகாணத்தின் மாவட்டத் தலைநகரங்களுள் ஒன்றாகிய பல்லாரியிலிருந்து வந்தது. அவ்வூர் இன்று கருநாடக மாநிலத்தில் உள்ளது. அங்கே வழக்கறிஞர் கிருஷ்ணமாசார்லு நடத்திய சரச விநோதினி சபையார் 1891ஆம் ஆண்டில் சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகங்களை நடித்தனர். நடித்தவர்கள் வேறு தொழில்களில் மதிப்போடு வாழ்ந்தவர்கள். அவர்கள் மேடையேறியதைக் கண்ட பதினெட்டு வயது இளைஞர் ஒருவர் மனம் மாறினார். அவரே பம்மல் சம்பந்த முதலியார். அவ்வாண்டு ஜூலைத் திங்களிலேயே அவரும் நண்பர்களும் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தனர். மாகாணத் தலைநகருக்கு ஒரு மாவட்ட ஊர் வழிகாட்டியது என்பது ஊர் மன்றங்கள் பெருமையோடு நினைவிற்கொள்ளத்தக்க செய்தியாகும்.

சம்பந்த முதலியார் வழக்கறிஞராகவும் பின்னர் நீதிபதியாகவும் விளங்கியவர். பாட்டே மிகுந்திருந்த மேடையில் உரைநடை வசனத்திற்கு இடம் தேடித் தந்தார். எழுதிய வசனம், முறையான ஒத்திகை, குறித்த நேரத்தில் தொடக்கம் ஆகிய ஒழுங்குகளைச் சபையில் நிலைநிறுத்தினார். தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடகங்களை இயற்றினார். மோலியேரின் பிரெஞ்சு நகைநாடகம் ஒன்று அவர் கையில் ‘காளப்பன் கள்ளத்தனம்’ ஆயிற்று. எஸ். சத்தியமூர்த்தி, ஆர்.கே. சண்முகம் செட்டியார் போன்றோர் அச்சபையின் மேடையில் வேடம் புனைந்தனர். இவ்வகைச் சபைகள் வேறு ஊர்களிலும் எழுந்தன. திருச்சிராப்பள்ளியில் இரயில்வே அதிகாரியாயிருந்த எஃப்.ஜி. நடேச ஐயர் ரசிக ரஞ்சன சபையை வளர்த்தார். ஈழத்தில் கலையரசு சொர்ணலிங்கம் பம்மலாரையே தம் குருவாகக் கொண்டு மேடைப்பணி ஆற்றினார்.

இனி, ‘சபாபதி’. 1906ஆம் ஆண்டில் தோன்றிய இந்நகைநாடகத்தின் அமைப்பு மிக எளிது. செல்வர் வீட்டு இளைஞர் ஒருவர். பெயர் சபாபதி முதலியார். அறிவு சற்றே மட்டு. அவருடைய வேலைக்காரன் ஒருவன். அவன் பெயரும் சபாபதி. அறிவில் ஆண்டானுக்கும் ஏவலனுக்கும் போட்டி. இவ்வளவே கதையின் முதல். நகையின் நிலைக்களன்களாகத் தொல்காப்பியம் சுட்டும் எள்ளலும் இளமையும் பேதைமையும் மடமும் ஒருங்கே இதனுள் அமைந்திருப்பதைக் காணலாம்.

ஆண்டானிடம் உள்ளது பேதைமை. அதாவது அறிய வேண்டியதை அறியாமை. ஏவலனிடம் உள்ளது மடம். ‘மடம்’ என்பதற்கு, பிறர் அறிவிக்கக் கேட்டுக்கொண்டு, கொண்டதைக் கடைசி வரை விடாமை என்பது உரைமரபு தரும் பொருள். சோடா உடைத்துக் கொடு என்றால் புட்டியையே உடைத்து வைக்கும் வகைச் சிரிப்பு இம்மடத்திலிருந்தே பிறக்கிறது. ஏவலன் கட்டளையை மீறுவதே இல்லை. சொன்ன சொல்லை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றுகிறான். நிறைவேற்ற நிறைவேற்ற, ஆண்டானின் சொல்லே பொருளற்றுப் போகிறது. ஒரே பெயர் இருவருக்கும் இருப்பதால் எள்ளல் எவரைச் சேர்கிறது என்பதும் தெளிவாவதில்லை. ‘சபாபதி’ என்று அழைத்தால் இருவருமே திரும்பிப் பார்க்கலாம் அன்றோ! செல்வரும் பணியாளரும் ஒருங்கே அமர்ந்து, ஒரே கணத்தில், ஒரே பெயரைக் கேட்டுச் சிரித்தனர் என்றால், அச்சிரிப்பு அன்றைய சமுதாயத்தில் சிறிய செய்தி அன்று.

இங்கே இன்னொன்றும் எண்ணத்தக்கது. அச்சம், மடம், நாணம் என்று பெண்ணுக்குரியனவாகச் சொல்லப்பட்ட மூன்றனுள் ஒன்றுதான் இந்த மடம். கற்பித்ததைக் கைவிடாமை பெண்ணிடம் இருந்தால் அது அணி. வேலைக்காரனிடம் இருந்தால் அது நகைப்பு. இரண்டுமே கீழ்ப்படிதலுக்கு இடப்பட்ட பெயர்கள் அல்லவோ? நகைநாடகம் தன்னை அறியாமலே இந்த முடிச்சை அவிழ்த்துக் காட்டிவிடுகிறது. ஆனால் அதனைக் காட்டிய மேடையில் பெண்ணுக்கு இடம் இருக்கவில்லை. அன்றைய சுகுண விலாச சபையில் பெண் வேடங்களை ஆடவரே புனைந்தனர், அவ்வேடங்களில் சி. ரங்கவடிவேலு பெரும்புகழ் பெற்றார். அவர் கலைத்திறம் போற்றத்தக்கதே. எனினும், கும்பகோணத்துப் பாலாமணி அம்மையார் பெண்களைக் கொண்டே ஒரு நாடகக் குழுவை நடத்திய காலமும் ஏறத்தாழ அதுவேதான். ஆற்றல் இல்லாமையால் பெண்கள் சபை மேடையில் ஏறாமல் இருக்கவில்லை. மானம் என்று எதனை ஊர் கருதியதோ அதுவே தடுத்தது.

இம்மானத்திற்கு ஒரு விலையும் இருந்தது. நாடகத்திற்குக் கூலி வாங்காமையே அவ்விலை. வழக்கறிஞர் மாலையில் அசடாக நடித்து, மறுநாள் காலையில் வழக்கறிஞராகவே நீதிமன்றம் செல்ல முடிந்தது. வயிற்றுக்காக அசடாக நடித்தவரோ காலையிலும் கூத்தாடியாகவே கருதப்பட்டார். பாய்ஸ் கம்பெனிகளில் சிறுவயது முதல் அடிபட்டு உழைத்துத் தேர்ந்தவர்களும், சிறப்பு நாடகங்களில் இரவு தோறும் முதலில் மேடையேறிக் கூட்டத்தைச் சிரிக்க வைத்த பபூன்களும் அவ்விழிசொல்லைச் சுமந்தனர். ‘ஸ்பெஷல் நாடகம்’ என்று வழங்கும் அச்சிறப்பு நாடகம் மதுரை, புதுக்கோட்டை வட்டாரத் திருவிழாக்களில் இன்றும் தொடர்கிறது. சிரிப்பு ஒன்றே, சிரிக்க வைத்தவருக்குக் கிடைத்த மதிப்போ இரண்டு. இங்கும் இரண்டு சபாபதிகள்!

வரலாறு இதற்கு ஓர் அழகிய மறுமொழி தந்தது. ‘சபாபதி’ 1941ஆம் ஆண்டில் ஏ.வி. மெய்யப்பன் தயாரிப்பில் திரைப்படமாயிற்று. ஆண்டானாக டி.ஆர். இராமச்சந்திரனும் ஏவலனாகக் காளி என். ரத்தினமும் நடித்தனர். காளி ரத்தினம் பாய்ஸ் கம்பெனி மரபில் வந்தவர். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் இளைஞருக்கு நடிப்புக் கற்பித்தவர். கனவான்களின் சபையில் பிறந்த வேலைக்காரச் சபாபதியைப் பிற்காலத் தலைமுறைகளுக்கு உயிரோடு எடுத்துக்கொண்டு வந்து சேர்த்தவர், கூத்தாடி என்று ஒதுக்கப்பட்ட கூட்டத்துக் கலைஞரே. சம்பந்த முதலியாருக்கு 1959ஆம் ஆண்டில் பத்மபூஷண் விருது வந்தது. தகுதியான சிறப்பு அது. அச்சிறப்பின் ஒளி ரத்தினம் போன்றோர் மீதும், பெயர் பதிவாகாத எத்தனையோ பபூன்கள் மீதும் படவேண்டும் என்பதே நீதி.

எனவே, ஒரு சிற்றூர் மன்றம் இன்று நகைநாடகம் ஒன்றை மேடையேற்ற முனையுமாயின், அதனைப் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட இயலாது. அம்மன்றம் தன் ஊருக்குத் தன்னைத் தானே பார்த்துச் சிரிக்கும் பயிற்சியை அளிக்கிறது. அப்பயிற்சி முழுமை பெற மூன்று கடமைகள் உள்ளன. முதலாவது, எழுதிய வசனத்திற்கும் ஒத்திகைக்கும் உரிய மதிப்பளித்தல். அழவைக்கத் தவறினால் அவை பொறுத்துக்கொள்ளும், சிரிக்கவைக்கத் தவறினால் பொறுத்துக்கொள்ளாது. இரண்டாவது, ஏவலனை மட்டும் எள்ளாமல் ஆண்டானையும் உடன் எள்ளுதல். எளியவரை மட்டும் நோக்கி எழும் சிரிப்பு நகை ஆகாது, வசையே ஆகும். மூன்றாவது, அவ்வட்டாரத்தில் சிரிப்பையே தொழிலாகக் கொண்ட முதிய கலைஞர் ஒருவர் இருப்பாராயின், அவரை முன்வரிசையில் அமரச் செய்தல். இயன்றால் ஒத்திகைக்கே ஆசிரியராக அழைத்தல்.

கவிஞர்களுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. பெருமிதத்தையும் அவலத்தையும் பாடுவதே கவிதையின் கடன் என்று எண்ணுவோர் பலர். எட்டினுள் முதலாவதை அவர்கள் கைவிடலாகாது. தம்மைத் தாமே எள்ளிக்கொள்ளத் தெரிந்த கவிஞருக்கே பிறர் துன்பத்தைப் பாடும் தகுதி நிறைகிறது.

மேடையில் ‘சபாபதி’ என்று ஒரு குரல் எழும்போது ஆண்டானும் திரும்பட்டும், ஏவலனும் திரும்பட்டும். அவையில் இருப்போரும் தம்மையே அழைத்ததாக ஒருமுறை திரும்பிப் பார்க்கட்டும். அன்றுதான் அந்த நாடகம் நன்கு நடிக்கப்பட்டது என்று பொருள்.